எண்ணுதலும் நம்புதலும்

தகவல் தொழினுட்பம் சனநாயக அரசியலை எவ்வாறு உருமாற்றுகின்றது என்னும் வினா எழும்பொழுது, பெரும்பாலும் பிரசாரத்தைப் பற்றியே பேசப்படுகின்றது. பொய்ச் செய்திகள் பரவும் வேகம், சமூக ஊடகங்களின் வழியே தூண்டப்படும் பகைமை, வாக்காளரின் விருப்பு வெறுப்புக்களைத் திரட்டி அவற்றுக்கேற்ப விளம்பரம் செய்யும் நிறுவனங்கள் ஆகியனவே கருத்தரங்குகளிற் பொருளாகின்றன. இவை புறக்கணிக்கத்தக்கன அல்ல. ஆயின், இவையனைத்தும் மக்கள் ஒரு முடிபுக்கு எவ்வாறு வருகின்றனர் என்பதைப் பற்றியவை. அம்முடிபு எவ்வாறு எண்ணப்படுகின்றது, எண்ணியவரை ஏனையோர் ஏன் நம்பவேண்டும் என்னும் வினாக்களோ பொறியியலாளருக்கும் தேர்தல் அதிகாரிகளுக்கும் உரியனவென்று ஒதுக்கப்பட்டுவிடுகின்றன. உண்மையில் அவை ஒழுக்கவியல் வினாக்கள். எண்ணுதல் என்ற ஒரே சொல் தமிழிற் கணக்கிடுதலையும் சிந்தித்தலையும் குறிக்கின்றது. கணக்கிடுதல் இயந்திரத்திடம் ஒப்படைக்கப்பட்டபின் சிந்திக்கும் குடிமகனுக்கு எஞ்சுவது யாது என்பதே ஈண்டு ஆராயப்படுகின்றது.

தேர்தலின் நோக்கம் வெற்றி பெற்றவரைக் கண்டறிவது என்று பொதுவாகக் கொள்வர். இது அரைகுறையான விளக்கமாகும். வென்றவருக்கு முடிபை நிரூபித்துக் காட்டவேண்டிய தேவையில்லை, தோற்றவருக்கே காட்டவேண்டும். தமது விருப்பத்துக்கு மாறான ஓர் அரசாங்கத்தின் சட்டங்களுக்குப் பணியவும் அதற்கு வரி செலுத்தவும் மக்களுள் ஒரு பெரும்பகுதியினர் அடுத்த தேர்தல்வரை இசைய வேண்டியிருக்கின்றது. அவ்விசைவு அச்சத்தினாற் பெறப்படுமாயின் அது சனநாயகம் ஆகாது. தாம் எண்ணிக்கையிற் குறைந்தவர் என்பதைத் தாமே கண்டமையால் இசைகின்றனர் என்பதே சனநாயகக் கோட்பாட்டின் அடிப்படையாகும். எனவே முடிபு சரியாயிருந்தால் மட்டும் போதாது. அது சரியானது என்பதைத் தோற்றவர் பார்த்தறியவும் இயலவேண்டும்.

இதற்கு இடையூறாக நிற்பது சனநாயகத்தின் மற்றொரு தேவையான இரகசியம். அரசாங்கம் அச்சிட்ட சீட்டில் மறைவாக வாக்களிக்கும் முறை 1856 இல் விக்ரோறியா, தென் அவுஸ்திரேலியா ஆகிய குடியேற்ற நாடுகளில் ஏற்பட்டது. பிரித்தானியா 1872 இல் அதனைச் சட்டமாக்கியது. அதற்கு முன்னர் அங்கு வாக்காளர் தமது தெரிவைப் பலரறியக் கூறவேண்டியிருந்தது. நிலவுடைமையாளரின் தயவில் வாழ்ந்த குடியானவருக்கு அது எத்தகைய சுதந்திரம் என்பதை விளக்கவேண்டியதில்லை. எனினும், ஜோன் ஸ்ருவேட் மில் பிரதிநிதித்துவ ஆட்சி பற்றி 1861 இல் வெளியிட்ட நூலில் இரகசிய வாக்கை எதிர்த்தார். வாக்கு தனியுடைமை அன்று, பிறர்பொருட்டு ஏற்கப்பட்ட பொறுப்பு. ஆதலின் பொதுமக்கள் காணவே அது பயன்படுத்தப்பட வேண்டும் என்பது அவரது வாதம். வறியவர்மீது செலுத்தப்படும் அழுத்தத்தை மில் குறைத்து மதிப்பிட்டார் என்றே கூறவேண்டும். ஆயினும் அவர் வாதத்தின் ஒரு கூறு இன்றும் நிலைக்கின்றது. வாக்களிக்கும் செயல் மறைவுக்குட் சென்றமையால், எண்ணும் செயல் முன்னையிலும் கூடுதலாக வெளிச்சத்துக்கு வரவேண்டியதாயிற்று. வெறும் பெட்டியைத் திறந்து காட்டிப் பூட்டுவதும், முகவர் முன்னிலையில் முத்திரையை உடைப்பதும், ஐயத்துக்குரிய சீட்டைப் பலரும் பார்க்கக் காட்டுவதும் வெறுஞ் சடங்குகள் அல்ல.

வங்கிக் கணக்கைக் கணனியிடம் ஒப்படைப்பவர் வாக்கை ஒப்படைக்கத் தயங்குவது ஏன் என்ற கேள்வி அடிக்கடி கேட்கப்படுகின்றது. கேட்போர் இவ்வேறுபாட்டையே மறந்துவிடுகின்றனர். வங்கிக் கணனி தவறிழைத்தால் வைப்பாளர் தமது கணக்கறிக்கையைப் பார்த்துத் தவறைக் கண்டுகொள்வார். பணம் எவருடையது, எங்கே சென்றது என்பதற்குப் பெயருடன் பதிவு உண்டு. வாக்குக்கு அத்தகைய பதிவு இருக்கலாகாது. இன்னாருடைய வாக்கு இன்னாருக்குச் சென்றது என்ற தொடர்பை வேண்டுமென்றே அறுத்தெறிந்த பின்னரே அது எண்ணப்படுகின்றது. ஆதலின், வாக்கியந்திரத்தினுள்ளே ஒரு தவறு நிகழ்ந்தால் அதனால் இழப்புற்றவரே அதனை அறியமாட்டார். விமானம் விழுந்தால் உலகம் அறியும். திரிந்த எண்ணிக்கையோ நேரான எண்ணிக்கையைப் போன்றே திரையிற் தோன்றும். இயந்திரத்தின் ஆணைத்தொடரை வெளியிட்டுவிட்டால் ஐயம் தீரும் என்பாரும் உளர். யுனிக்ஸ் என்னும் இயக்கு முறைமையை உருவாக்கியோருள் ஒருவரான கென் தொம்சன், 1984 இல் வெளியான தமது ரியூறிங் விருது உரையில், ஆணைத்தொடர் முழுவதையும் வாசித்தவர்கூட அதில் இல்லாத ஒரு வஞ்சகம் இயந்திரத்தினுள் இயங்குவதைக் காணமாட்டார் என்பதைச் செய்துகாட்டினார். அதற்குப்பின் இவ்வாதம் வலுவிழந்துவிட்டது எனலாம்.

இவ்வினா ஒரு நாட்டின் அதியுயர் நீதிமன்றத்தின் முன் நேராக வைக்கப்பட்ட நிகழ்ச்சி ஜேர்மனியிலேயே காணப்படுகின்றது. 2005 ஆம் ஆண்டுப் பாராளுமன்றத் தேர்தலில் ஏறத்தாழ 20 இலட்சம் வாக்காளர், ஒல்லாந்தின் நெடாப் நிறுவனம் செய்த வாக்குக் கணனிகளில் வாக்களித்தனர். தந்தையும் மகனுமான இரு குடிமக்கள் இதனை எதிர்த்து முறையிட்டனர். கூட்டாட்சி அரசியலமைப்பு நீதிமன்றம் 2009 மார்ச் 3 ஆந் தேதி தீர்ப்பளித்தது. தேர்தலின் இன்றியமையாத படிகள் அனைத்தையும், முடிபு கணிக்கப்படும் முறையையும், சிறப்பறிவு எதுவுமில்லாத குடிமகன் ஐயமறச் சரிபார்க்கக் கூடியதாயிருத்தல் வேண்டும்; அக்கணனிகள் அதற்கு இடமளிக்காமையால் அவற்றின் பயன்பாடு அரசியலமைப்புக்கு முரணானது என்பதே தீர்ப்பின் சாரம். இத்தீர்ப்பில் இரண்டு செய்திகள் மனங்கொள்ளத்தக்கன. கணனிகள் தவறாக எண்ணின என்று நீதிமன்றம் கூறவில்லை. அதற்குச் சான்று எதுவும் இருக்கவில்லை. தேர்தல் முடிபும் இரத்துச் செய்யப்படவில்லை. அடுத்து, வல்லுநர் குழு ஒன்று இயந்திரத்தைப் பரிசோதித்துச் சான்றிதழ் வழங்கியமை இக்குறையை ஈடுசெய்யாது என்று நீதிமன்றம் கருதியது. பார்க்கும் உரிமை குடிமகனுடையது. அவனுக்காக வேறொருவர் பார்த்துவிட்டு வந்து சொல்வதால் அவ்வுரிமை நிறைவேறாது. ஏனையோரின் உரிமையைத் தொடும் செயல் பகிரங்கத்தைத் தாங்கக்கூடியதாயிருத்தல் வேண்டுமென இம்மானுவேல் கான்ற் 1795 இல் வகுத்த கோட்பாட்டின் சாயல் இங்கு புலப்படுகின்றது.

ஒல்லாந்து இம்முடிபுக்கு வேறு வழியால் வந்தது. அந்நாட்டில் வாக்குக் கணனிகள் பல்லாண்டுகள் எவ்வித ஐயமுமின்றிப் பயன்பட்டன. இயந்திரம் வாக்கெண்ணுவதற்கன்றி வேறெதற்கும் உதவாது என்று கூறப்பட்டு வந்தது. 2006 இல் ஒரு குடிமக்கள் குழுவினர் அதே வகை இயந்திரத்தைப் பெற்று, அதன் நினைவுச் சில்லுகளை மாற்றிச் சதுரங்கம் ஆடச் செய்து காட்டினர். இது நகைப்புக்குரிய வேடிக்கையாகத் தோன்றினும், சதுரங்கம் ஆடும் இயந்திரம் வேறெதையும் செய்யவல்லது என்பதை எந்த அறிக்கையிலும் தெளிவாக அது உணர்த்தியது. இயந்திரத்திலிருந்து கசிந்த வானொலி அலைகளைக்கொண்டு, சில மீற்றர் தூரத்திலிருந்தே வாக்காளரின் தெரிவை ஊகிக்கலாம் என்பதும் தெரியவந்தது. ஒரு கட்சியின் முழுப்பெயரில் ஓர் எழுத்தின் தலையிலே நின்ற சிறு குறி, திரையின் இயக்கத்தை மாற்றி அக்கட்சிக்கு வாக்களித்தவரைக் காட்டிக்கொடுத்தது! 2008 இல் ஒல்லாந்து மீண்டும் காகிதத்துக்கும் சிவப்புப் பென்சிலுக்கும் திரும்பியது. அந்நாட்டவர் தொழினுட்பத்துக்கு அஞ்சும் பழமைவாதிகள் அல்லர் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

இவ்விடத்தில் ஒரு வலுவான மறுப்பு எழுகின்றது. நவீன வாழ்வு முழுவதும் பிறரது அறிவை நம்பியே நடைபெறுகின்றது. மருந்தை உட்கொள்பவர் இரசாயனம் கற்றவர் அல்லர். பாலத்தைக் கடப்பவர் அதன் பளுத்தாங்கும் ஆற்றலைக் கணித்துப் பார்ப்பதில்லை. வாக்கெண்ணுதலில் மட்டும் ஒவ்வொருவரும் தாமே அறியவேண்டும் என்று பிடிவாதஞ் செய்வது எவ்வாறு பொருந்தும்? மருத்துவரையும் பொறியியலாளரையும் மேற்பார்வை செய்யும் சபைகளும் சட்டங்களும் உள்ளன. அவை பிழைத்தால் அவற்றை நியமித்த அரசாங்கத்தை மக்கள் மாற்றலாம் என்பதே இதற்குரிய விடையாகும். பிற துறைகளில் வல்லுநர்மீது வைக்கும் நம்பிக்கை ஈற்றிலே தேர்தலிற்றான் பிணை பெறுகின்றது. தேர்தலையே வல்லுநரிடம் ஒப்படைத்துவிட்டால் அப்பிணைக்குப் பிணை யார்? மேலும், வல்லுநர் மருந்தைப் பற்றி மக்களைவிட அறிந்திருப்பதால் அவர்களது அரசியற் சமத்துவம் குறைவதில்லை. அரசாங்கம் மாறியதா இல்லையா என்பதைச் சிலர் அறிவர், ஏனையோர் அவர்கள் சொல்லக் கேட்பர் என்ற நிலை அச்சமத்துவத்தையே தொடுகின்றது.

தமிழ் நிலத்தின் வரலாறு இதனை அறியாததன்று. முதலாம் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுக்கள், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்தவை, குடவோலை முறையை விரித்துரைக்கின்றன. அவற்றைச் சனநாயகத்தின் ஊற்றென்று போற்றுவது மேடைகளில் வழக்கமாகிவிட்டது. அது மிகை. அங்கு நடந்தது வாக்களிப்பன்று, குலுக்கல். தகுதி பெற்றோர் நிலமும் வேதக்கல்வியும் உடைய பிராமணர் மட்டுமே. உழுதவருக்கும் பெண்களுக்கும் அங்கு இடமில்லை. கல்வெட்டிற் கற்கத்தக்கது வேறொன்று. சபையோர் இளையோர் முதியோர் என்ற வேறுபாடின்றிக் கூடியிருக்க, முதிய நம்பி ஒருவர் குடத்தை எல்லோரும் காணுமாறு உயர்த்திப் பிடிக்கவேண்டும். உள்ளிருப்பது யாதென அறியாத சிறுவன் ஓலையை எடுக்கவேண்டும். அதனை வாங்கும் மத்தியஸ்தன் ஐந்து விரல்களையும் அகல விரித்து உள்ளங்கையில் ஏற்கவேண்டும். அவன் வாசித்த பின், மண்டபத்திலிருந்த நம்பிமார் எல்லோரும் அதனை வாசிக்கவேண்டும். விரல்களை விரிக்கச் சொன்னவர், மறைத்த ஓலையை மாற்றும் கையை எங்கோ கண்டிருத்தல் வேண்டும். மத்தியஸ்தன் நேர்மையானவன் என்ற நற்சான்றிதழோடு அச்சபையார் நிறைவடையவில்லை.

ஆயினும், காகித வாக்கின் பெருமையைப் பேசுவோர் அதன் குற்றங்களை மறைத்துவிடலாகாது. 1981 ஜூன் 4 ஆந் தேதி யாழ்ப்பாணத்தில் மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தல் நடைபெற்றபொழுது காணாமற்போனவை காகிதம் நிறைந்த பெட்டிகளே. 1999 ஜனவரியில் வடமேல் மாகாண சபைத் தேர்தலிற் கட்டுக்கட்டாகத் திணிக்கப்பட்டதும் காகிதமே. இந்தியாவிற் பல மாநிலங்களில் வாக்குச்சாவடியைக் கைப்பற்றிச் சீட்டுக்களுக்கு முத்திரை குத்தும் வழக்கம் நெடுங்காலம் நிலவியது. நிமிடத்துக்கு நான்கைந்து வாக்குகளுக்குமேல் ஏற்காத இயந்திரம் அவ்வகைக் கொள்ளையைக் கடினமாக்கியது. இவற்றையெல்லாம் விடப் பிறேசிலின் அனுபவம் சிந்தனைக்குரியது. அங்கு வாக்காளர் வேட்பாளரின் பெயரையோ இலக்கத்தையோ எழுதவேண்டியிருந்தமையால், மாநிலச் சட்டசபைத் தேர்தல்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு வாக்கு வெறுமையாகவோ செல்லுபடியாகாமலோ போயிற்று. அவற்றுட் பெரும்பகுதி எழுத்தறிவு குறைந்த வறியவருடையது. 1996 இல் அறிமுகமாகி 2000 ஆம் ஆண்டளவில் நாடு முழுவதும் பரவிய வாக்கியந்திரம் இலக்கங்களை அழுத்தினால் வேட்பாளரின் படத்தைக் காட்டியது. செல்லாத வாக்குகள் பெரிதும் குறைந்தன. தொமாஸ் பூஜிவாறா என்னும் பொருளியலாளர் 2015 இல் வெளியிட்ட ஆய்வு, இதனால் வறியவரின் வாக்குக்கு வலு ஏற்பட்டதையும், பொதுச் சுகாதாரச் செலவு அதிகரித்ததையும், கல்வி குறைந்த தாய்மாருக்கு நிறைகுறைந்த குழந்தைகள் பிறப்பது தணிந்ததையும் எடுத்துக்காட்டியது. கற்றோர் பார்த்துச் சரிகாணத்தக்க காகிதம் ஒருபுறம். கல்லாதோரின் வாக்கையும் கணக்கில் எடுக்கும் இயந்திரம் மறுபுறம். இங்கு நீதி எந்தப் பக்கம் நிற்கின்றது என்று உடனே கூறிவிடுபவர் பிரச்சினையின் கனத்தை உணராதவராவர்.

இவ்விரண்டையும் இணைக்க இந்தியா முயன்றுள்ளது. அங்கு வாக்கியந்திரம் முதன்முதலாக 1982 மே மாதத்தில் கேரளத்தின் பறவூர்த் தொகுதியில் 50 வாக்குச்சாவடிகளிற் பயன்பட்டது. 123 வாக்குகளால் முடிபு அமைந்தது. சட்டத்தில் இடமில்லாத முறையைத் தேர்தல் ஆணையம் தானாகக் கொண்டுவர முடியாதென்று கூறி, உச்ச நீதிமன்றம் 1984 இல் அந்த 50 நிலையங்களிலும் மறுவாக்கெடுப்புக்கு ஆணையிட்டது. மறுவாக்கெடுப்பில் முடிபு மாறியது. இயந்திரம் பிழைத்தது என்பதற்கு இது சான்றாகாது. மக்கள் இரண்டாம் முறை வேறுவிதமாகவும் வாக்களித்திருக்கலாம். பின்னர் சட்டம் திருத்தப்பட்டது. 2004 பொதுத்தேர்தல் முழுவதும் இயந்திரத்தில் நடைபெற்றது. 2013 இல் உச்ச நீதிமன்றம் காகிதச் சான்றின் இன்றியமையாமையை ஏற்றது. இப்பொழுது வாக்காளர் தமது தெரிவு அச்சிடப்பட்ட துண்டைக் கண்ணாடிக்குப் பின்னால் ஏழு வினாடிகள் காண்கின்றார். அது பெட்டியுள் விழுகின்றது. ஆனால் அத்துண்டுகள் ஒவ்வொரு சட்டசபைத் தொகுதியிலும் ஐந்து வாக்குச்சாவடிகளில் மட்டுமே எண்ணப்படுகின்றன. அனைத்தையும் எண்ணவேண்டும் என்ற கோரிக்கையை 2024 ஏப்ரலில் நீதிமன்றம் நிராகரித்தது. மாதிரி எடுத்தல் புள்ளிவிபரவியலிற் பிழையான முறையன்று. எனினும் எத்தனை பெட்டிகளைத் திறந்தாற் போதும் என்பதை விளங்கிக்கொள்ளப் புள்ளிவிபரவியல் தெரிந்திருக்கவேண்டும்; ஜேர்மானிய நீதிமன்றம் குறிப்பிட்ட சிறப்பறிவற்ற குடிமகன் மறுபடியும் வாசலில் நிற்கின்றான்.

சான்று இருந்தால் தோற்றவர் ஏற்றுக்கொள்வரா? அண்மைக்கால வரலாறு ஆமென்று எளிதிற் சொல்ல விடவில்லை. பிறேசிலில் வாக்கைக் காகிதத்தில் அச்சிடும் திருத்தம் 2021 ஓகஸ்ட்டிற் பாராளுமன்றத்திற் போதிய ஆதரவின்றித் தோல்வியுற்றது. இயந்திரத்தின்மீது தொடர்ந்து ஐயம் விதைத்துவந்த சனாதிபதி பொல்சொனாரோ 2022 இல் தோற்றார். 2023 ஜனவரி 8 ஆந் தேதி அவருடைய ஆதரவாளர் தலைநகரிற் பாராளுமன்றத்தையும் உயர்நீதிமன்றத்தையும் சனாதிபதி மாளிகையையும் சூறையாடினர். காகிதம் இருந்திருந்தால் இது நேர்ந்திராது என்று வாதிடலாம். ஆனால் ஐக்கிய அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்திற் காகிதம் இருந்தது. 2020 இல் ஏறத்தாழ 50 இலட்சம் வாக்குச்சீட்டுக்கள் அங்கு கையால் மீண்டும் எண்ணப்பட்டு முடிபு உறுதியானது. அவ்வாறிருந்தும் 2021 ஜனவரி 6 ஆந் தேதி வாஷிங்டனில் நிகழ்ந்தது தெரிந்ததே. ஏற்க விரும்பாதவரை எந்தச் சான்றும் ஏற்கவைக்காது. இதனாற் சான்று பயனற்றதாகிவிடுமா? ஜோர்ஜியாவின் தேர்தற் பொறுப்பாளர் தோற்ற கட்சியைச் சேர்ந்தவர். தமது கட்சித் தலைவரின் அழுத்தத்துக்கு அவர் இணங்கவில்லை. கையால் எண்ணிய சீட்டுக்கள் அவருக்குப் பின்னால் இருந்தன. ஓர் இயந்திரத்தின் திரையில் தெரிந்த எண் மட்டும் இருந்திருப்பின், அவர் தமது நேர்மையைத் தவிர வேறெதனையும் காட்டியிருக்க முடியாது. சான்று தலைவர்களின் வாயை அடைப்பதற்கன்று. இரு தரப்புக்கும் இடையே நின்று உண்மையை அறிய விரும்பும் மனிதருக்குக் கால் ஊன்ற இடம் தருவதற்கே.

எஸ்தோனியா இதற்கு விதிவிலக்கெனக் காட்டப்படும் நாடாகும். 2005 இல் தொடங்கிய இணைய வாக்களிப்பு 2023 பாராளுமன்றத் தேர்தலிற் பாதிக்கு மேற்பட்ட வாக்குகளை ஈர்த்தது. வாக்காளர் மீண்டும் மீண்டும் வாக்களிக்கலாம், இறுதியானதே கணக்கிற் சேரும் என்ற ஏற்பாடு வற்புறுத்தலைத் தடுக்கப் புத்திசாலித்தனமாக வகுக்கப்பட்டது. எனினும், அதே தேர்தலில் எதிர்க்கட்சி ஒன்று இணைய வாக்குகள் சேர்க்கப்பட்டதும் தான் பின்தங்கியமையைச் சுட்டி முறையிட்டது. நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. அம்முறையீடு ஆதாரமற்றதாயிருக்கலாம், அது ஆதாரமற்றது என்பதைச் சாதாரண வாக்காளர் ஒருவர் தமது அயலவருக்கு எவ்வாறு விளக்குவார் என்பதே கேள்வி.

இலங்கையில் இன்றும் காகிதமே எண்ணப்படுகின்றது. 2024 செப்ரெம்பர் 21 ஆந் தேதி நடைபெற்ற சனாதிபதித் தேர்தலில் எவரும் பாதிக்கு மேற்பட்ட வாக்குகளைப் பெறாமையால், நாட்டின் வரலாற்றில் முதற்றடவையாக இரண்டாம் எண்ணிக்கை தேவையாயிற்று. முதலிரு வேட்பாளரும் நீங்கலாக ஏனையோருக்கு அளிக்கப்பட்ட சீட்டுக்கள் மீண்டும் எடுக்கப்பட்டு, அவற்றிலே விருப்பத்தெரிவு குறிக்கப்பட்டுள்ளதா என்று பார்க்கப்பட்டது. முன்னணியில் நின்ற அநுர குமார திசாநாயக்கவுக்கு 105,264 வாக்குகளும், சஜித் பிரேமதாசவுக்கு 167,867 வாக்குகளும் இவ்வாறு சேர்ந்தன. பின்தங்கியவருக்கே கூடுதலாகக் கிடைத்தபோதும் இடைவெளி பெரிதாயிருந்தமையால் முடிபு மாறவில்லை. கணனியிடம் விட்டிருந்தால் இவ்வேலை சில வினாடிகளில் முடிந்திருக்கும் என்று அன்று பலர் முணுமுணுத்திருப்பர். தேர்தல் மறுநாள் மாலைவரை நீண்ட அந்நேரத்தில், தோற்றுக்கொண்டிருந்த வேட்பாளர்களின் முகவர்கள் எண்ணும் மேசைகளின் அருகே நின்று, ஒவ்வொரு சீட்டிலும் குறிக்கப்பட்டிருந்ததைத் தம் கண்ணாற் பார்த்துக்கொண்டிருந்தனர்.